முகத்துக்கு ஒரு மண், காலுக்கு ஒரு மண்

உருவம் செய்ய மண் வாங்குகிறவர்கள் கடையில் முதலில் ஒரு விள்ளல் கிள்ளி விரலிடுக்கில் உருட்டிப் பார்ப்பார்கள். வெண்ணெய்போல வழுக்கினால் ‘நல்ல மண்’ என்று பையைத் தூக்கிவிடுவார்கள். அந்த மண்ணில் கண்ணிமை அழகாக வரும், உதட்டோரச் சுழிப்புகூட நிற்கும். ஆனால் அதே மண்ணில் நான்கு காலில் நிற்கும் ஓர் ஆட்டைச் செய்தால் மூன்றாம் நாள் தொடையிடுக்கில் விரிசல் ஓடியிருக்கும். குருணை கலந்த முரட்டு மண்ணில் ஆடு அசையாமல் நிற்கும். அதில் கிழவியின் கன்னச் சுருக்கத்தைக் கீறப் போனால் கோடு பிய்ந்துகொண்டு வரும். முகபாவத்தை ஏற்கும் மண்ணும் எடையைத் தாங்கும் மண்ணும் எதிரெதிர்க் குணம் கொண்டவை. எந்தப் பையை வாங்கினாலும் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெறுகிறோம்.

காரணம் எளிது. துகள் நுண்மையாக இருந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் தண்ணீர்ப் படலம் நிற்கும். அதனால்தான் வழுவழுப்பு. காயும்போது அந்தத் தண்ணீர் போன இடமெல்லாம் சுருங்கும். நுண்மை கூடக் கூடச் சுருக்கமும் கூடும். மணலோ சுட்ட மண் குருணையோ சேர்த்தால் அவை ஈரத்தில் ஊதுவதில்லை, காயும்போது சுருங்குவதும் இல்லை. நடுவில் எலும்புபோல நின்றுகொள்ளும். அதோடு ஈரம் வெளியேற வழியும் விடும்.

ஆகவே இங்கே நான்கு வகை மண்ணை இரண்டே வேலைகளை வைத்து எடை போட்டிருக்கிறோம். ஒன்று, 20 செ.மீ. உயர மனிதத் தலை. இன்னொன்று, 25 செ.மீ. உயரத்தில் நின்ற கோலத்தில் ஓர் ஆடு. தலையில் நுணுக்கம் தெரிந்துவிடும், ஆட்டில் கால் தெரிந்துவிடும். கிண்ணம், பூச்சட்டி செய்ய எந்த மண் நல்லது என்பது வேறு கதை. சக்கரத்தில் பிரமாதமாக எழும் மண் உருவத்துக்குச் சுமாராகவே இருக்கும்.

குயவர் மண்

ஊரில் பானை செய்கிறவரிடம் கேட்டு வாங்கும் குளத்து மண் அல்லது ஏரி மண். விலையில் இதற்குப் போட்டியே கிடையாது. மண்ணைவிட அதைக் கொண்டுவரும் வண்டி வாடகைதான் கூடுதலாக இருக்கும். சிவப்பாகச் சுடும், 900 டிகிரி செல்சியஸிலேயே தட்டினால் கணீரென்று ஒலிக்கும், வண்டல் நுண்மையாக இருந்தால் முகத்துக்குக் கச்சிதமாக இருக்கும். தமிழ்நாட்டில் உருவம் செய்து பழக வேறு மண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே எங்கள் தீர்ப்பு. ஆனால் வாங்கிய கையோடு பயன்படுத்தினால் இதைவிட மோசமான மண்ணும் இல்லை.

முதல் எதிரி சுக்கான் கல். சுண்ணாம்புச் சத்துள்ள இந்தச் சிறு கற்கள் 850 டிகிரி வாக்கில் சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது சிலை நன்றாகவே இருக்கும். ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம் கழித்து, காற்றின் ஈரத்தைக் குடித்து அந்தச் சுண்ணாம்பு உப்பும். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ காசளவு சில்லு தெறித்து விழும். குழியின் அடியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஐயமே வேண்டாம், சுக்கான்தான். பானையில் இது ஒரு வடு, முகத்தில் வந்தால் சிலையே போயிற்று. காய்ந்த மண்கட்டிமேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. மண் முழுக்க மாவாகக் கலந்திருந்தால் பாதகமில்லை, கல்லாக இருந்தால்தான் ஆபத்து. எனவே சல்லடைதான் மருந்து.

அதைச் செய்யும் முறை: மண்ணை முதலில் நன்றாகக் காயவைத்து நெல்லிக்காய் அளவுக்கு உடையுங்கள். ஈரக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் நாள்கணக்கில் கட்டியாகவே கிடக்கும். காய்ந்த கட்டி சில மணி நேரத்தில் பொரிந்து கரையும். இரண்டு நாள் ஊறவிட்டுக் கலக்கி, முதலில் கொசுவலையிலும் பிறகு 60 கண் (ஓர் அங்குலத்துக்கு அறுபது துளை) சல்லடையிலும் வடியுங்கள். தெளிந்த நீரை இறுத்துவிட்டுக் குழம்பைப் பழைய வேட்டியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டால் நான்கைந்து நாளில் பிசையும் பதத்துக்கு வரும். அதைப் பாலித்தீனில் சுற்றிக் குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். நாற்றம் அடித்தால் நல்லது, மண் பழுக்கிறது என்று பொருள்.

பிறகு எலும்பு சேர்க்க வேண்டும். தலைக்கு நூறு பங்கு காய்ந்த மண்ணுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு நுண்குருணை போதும். ஆட்டுக்கு இருபது முதல் இருபத்தைந்து. குருணையை விலைக்கு வாங்காமல் உடைந்த நாட்டு ஓட்டையோ பூந்தொட்டியையோ இடித்துக்கொள்ளலாம். டீ வடிகட்டியில் விழுவதை எடுத்து, மாவுச் சல்லடையில் சலித்துத் தூளைத் தள்ளிவிட்டு, நடுவில் நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள். இடிக்கும்போது ஈரம் தெளித்து, என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சிலிக்காத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. மணல் சேர்ப்பதாக இருந்தால் ஆற்று மணல் மட்டும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். சிப்பியும் சுண்ணாம்புதானே.

ஐயனார் கோயில் குதிரைகளைச் செய்த வேளார்கள் இந்தக் கணக்கைக் கைப்பழக்கமாகவே வைத்திருந்தார்கள். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து, உடலைக் கூடாக வளர்த்து, கீழ் வளையம் இறுகிய பிறகே மேல் வளையத்தை ஏற்றினார்கள். உமி எரிந்துபோன இடம் சிறு துளைகளாக நிற்கும், அந்தத் துளைகள் வழியே ஆவி வெளியேறும். அந்தக் குதிரைகளின் கால்கள் தூண்போலத் திரண்டிருப்பதை அழகு பற்றிய முடிவாக மட்டும் பார்க்கக் கூடாது. அந்த உயரத்தை அந்த மண்ணில் வேறெப்படியும் நிறுத்த முடியாது. முகத்தைப் பாருங்கள்: பிதுங்கிய கண், விரிந்த மூக்குத்துளை, ஒட்டிவைத்த மணி மாலை. மெல்லிய கீறல் எதுவும் இல்லை, எல்லாம் புடைப்பு. முரட்டு மண்ணில் உணர்ச்சியைக் கொண்டுவர இதைவிடப் பெரிய பாடம் கிடைக்காது. கீறிக் காட்ட முடியாததை ஒட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

கரிசல் மண்ணை மட்டும் தொட வேண்டாம். அது ஈரத்தில் ஊதி, காயும்போது வெடிக்கும் மண். வயலில் விரிந்து கிடக்கும் பிளவுகளைப் பார்த்தாலே சிலையின் கதி தெரிந்துவிடும்.

இன்னொரு குறை, உப்புப் பூப்பது. சுட்ட பிறகு மூக்கு நுனி, காது மடல், கொம்பு போன்ற முனைகளில் வெள்ளைப் படலம் படியும். மண்ணில் கரைந்திருக்கும் உப்பு, ஈரம் ஆவியாகும் இடத்துக்கு வந்து தங்குவதால் இப்படி ஆகிறது. முனைகளில்தான் காற்று அதிகம் படும், அதனால் அங்கேதான் சேரும். கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் மழைநீரில் மண்ணைக் கரைத்தாலே பாதி தீரும். உலரும்போது முனைகளைப் பாலித்தீன் துண்டால் மூடிவைத்தால் மீதியும் குறையும்.

பையில் வரும் ஸ்டோன்வேர்

உயர் வெப்பத்தில் சுட்டால் கல்போல இறுகும் மண் இது. காற்று நீக்கி, அச்சு இயந்திரத்தில் பிழிந்து, பாலித்தீன் பையில் வரும். உருவ வேலைக்கு வாங்கினால் பையின் மேல் நான்கு எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: சுடும் வெப்பநிலை, மொத்தச் சுருக்கம், குருணையின் அளவும் விகிதமும், சுட்ட பின் நீர் உறிஞ்சும் அளவு. ‘சிற்பத்துக்கு ஏற்றது’ என்ற ஒரு வரி மட்டும் அச்சிட்டிருந்தால் அது விளம்பரம், விவரம் இல்லை. குருணை 0 முதல் 0.5 மி.மீ. வரை என்றால் முகத்துக்கு ஆகும். 0 முதல் 2 மி.மீ. என்றால் ஆளுயர உருவத்துக்கு. அதில் 20 செ.மீ. தலை செய்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் கல் இருக்கும்.

இதன் பெரிய பலம் ஒரே சீராக இருப்பது. சென்ற மாதப் பையும் இந்த மாதப் பையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். கல், வேர், நத்தைக்கூடு எதுவும் இருக்காது. உருவத்தின் சுவர் ஒன்றரை செ.மீ. தடிமன் இருந்தாலும் நிதானமாகக் காய்ந்தால் பிளக்காது. குருணை இழுபடுவதுதான் தொல்லை. கம்பி வளையத்தால் சீவினால் ஒவ்வொரு குருணையும் பின்னால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வரும். சீவியதை அப்படியே விடாமல் பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பாலோ கரண்டியின் முதுகாலோ அழுத்தித் தேய்த்தால் குருணை உள்ளே அமிழ்ந்து நுண்மண் மேலே வரும். ஈரப் பஞ்சால் துடைக்கவே கூடாது. பஞ்சு நுண்மண்ணைக் கழுவிவிட்டுக் குருணையை வெளியே நிறுத்தும், கன்னம் உப்புத்தாள் ஆகிவிடும்.

கோடை வெயிலில் லாரியில் வந்த பைகள் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். கட்டைவிரல் நகக்கண் வரை சிரமமின்றி இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் திருப்பித் தர வேண்டியதில்லை. குச்சியால் பத்துப் பதினைந்து துளை போட்டு, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு நாள் வைத்தால் இளகிவிடும். பைக்குள் கறுப்புப் பூசணம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது சூளையில் எரிந்துபோகும்.

இதைப் பற்றிய பெரிய தவறான எண்ணம் வெப்பநிலையில் இருக்கிறது. ஸ்டோன்வேர் என்றால் 1,220 டிகிரிக்கோ அதற்கும் மேலேயோ கட்டாயம் சுட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆட்டையும் அந்த வெப்பத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். அந்த வெப்பத்தில் மண் பாதி கண்ணாடியாக இளகும். நீட்டிய தும்பிக்கை தொங்கும், நிமிர்ந்த வால் சாயும், ஒல்லிக் கால் வளையும். தண்ணீர் பிடிக்கும் பாத்திரத்துக்குத்தான் அந்த வெப்பம் தேவை. அலங்காரமாக நிற்கும் விலங்குக்கு 1,000 டிகிரி போதும். துளையுடைமை கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். சுடுமண் சிலையை வெளியே வைத்தால் உடைந்துவிடும் என்ற பயம் உறைபனி விழும் நாடுகளிலிருந்து வந்தது. துளைகளில் புகுந்த நீர் உறைந்து விரிவதால் அங்கே உடைகிறது. உதகையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் கவலைப்படலாம். சமவெளியில் சுடுமண் குதிரைகள் திறந்த வெளியில்தான் நின்றுகொண்டிருக்கின்றன.

சுருக்கக் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்வது எந்தப் பைக்கும் நல்லது. 14 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமனில் ஒரு பட்டை வெட்டி, அதன்மேல் சரியாக 10 செ.மீ. கோடு ஒன்று கீறுங்கள். சுட்ட பிறகு அளந்தால் குறைந்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு சதவீதம். பத்து சதவீதம் சுருங்கும் மண்ணில் முடிவில் 20 செ.மீ. தலை வேண்டுமென்றால் 22.2 செ.மீ. உயரத்துக்குச் செய்ய வேண்டும். சோதனைப் பட்டையை மண்ணின் குணத்துக்கு மட்டுமின்றிச் சூளையின் குணத்துக்கும் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

காலும் கண்ணும்

மண் எதுவாக இருந்தாலும் பழி பெரும்பாலும் அதன்மேல்தான் விழுகிறது. பாதிக் குற்றம் கட்டும் முறையில் இருக்கிறது. ஆட்டின் உடலும் காலும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. ஒல்லிக் கால் முதலில் காய்ந்து, சுருங்கி, விறைத்துவிடும். ஈரமான வயிறு பிறகு சுருங்கும்போது கால் கூடவே வராது. இழுபறி நடக்கும் இடம் தொடையிடுக்கு, விரிசலும் அங்கேதான். எனவே காலையும் காதையும் கொம்பையும் மெல்லிய பாலித்தீனால் சுற்றி, வயிற்றை மட்டும் திறந்துவிட்டு, எல்லாம் ஒரே பதத்துக்கு வந்த பிறகு ஒன்றாகக் காயவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு மூன்று வாரம் ஆகும். சித்திரையில் ஐந்து நாளில் காய்ந்துவிடும், அந்த வேகம்தான் ஆபத்து. மின்விசிறிக்கு நேரே வைப்பது வெயிலில் வைப்பதைவிட மோசம், ஒரு பக்கம் மட்டும் காயும்.

வயிற்றுக்கு முட்டுக் கொடுக்க மரக்கட்டை வைக்காதீர்கள். ஆடு சுருங்கும், கட்டை சுருங்காது. அதே மண்ணில் ஒரு தூண் செய்து, மேலே செய்தித்தாள் துண்டு வைத்து முட்டுக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். சூளைக்குள்ளும் இதே நியாயம்தான். நான்கு குளம்பும் பலகையில் ஒட்டிக்கொண்டால் சுருங்கும்போது முன்னங்காலும் பின்னங்காலும் ஒன்றையொன்று நெருங்க முடியாமல் அகன்றே நிற்கும். அதே மண்ணில் 1 செ.மீ. தடிமன் தட்டு ஒன்று செய்து, அதன்மேல் மெல்லிய மணல் தூவி, ஆட்டை அதில் நிறுத்திச் சுட வேண்டும். தட்டு சுருங்கும்போது ஆட்டையும் கூட்டிக்கொண்டு வரும்.

ஒட்டும் இடத்தில் பல்துலக்கியால் கீறி, மண்குழம்பு தடவி, அழுத்தித் திருகுங்கள். வெறும் தண்ணீர் தடவுவது போதாது. குழம்புக்குத் தண்ணீருக்குப் பதில் ஒரு லிட்டர் நீரில் 12 மி.லி. சோடியம் சிலிகேட்டும் (நீர்க்கண்ணாடி என்ற திரவம்) அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகச் சோடா ஆஷும் (நீரற்ற சலவைச் சோடா) கலந்த நீரைப் பயன்படுத்தினால் மூட்டு பிடித்துக்கொள்ளும். கையில் இல்லையென்றால் வினிகர். பதம் ஒன்றாக இல்லாத இரண்டு துண்டுகளை எந்தக் குழம்பும் சேர்த்துவைக்காது.

தலையைக் கட்டியாகச் செய்து, பாதி காய்ந்து தோல்போல இறுகிய பதத்தில் தூண்டில் நரம்பால் உச்சியைத் தொப்பிபோல வெட்டி, உள்ளே குடைந்து, 12 மி.மீ. சுவர் விட்டு மறுபடி மூடுவது நல்ல வழி. மூக்குக்குப் பின்னாலும் குடைய வேண்டும். அங்கேதான் மறந்துபோய் 4 செ.மீ. கட்டி மிஞ்சும். கழுத்தடியில் ஆவி போக ஒரு துளை. ‘காற்றுக் குமிழ் இருந்தால் வெடிக்கும்’ என்பது பாதி உண்மைதான். வெடிக்க வைப்பது மிஞ்சிய ஈரம். தடித்த சுவரில் ஈரம் தங்கும், 100 டிகிரியில் ஆவியாகும், வழி கிடைக்காவிட்டால் சுவரைப் பிளக்கும். முற்றிலும் காய்ந்த மண்ணில் குமிழ் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

பார்வையைத் தருவது கருவிழியைவிட இமைதான். கண்குழியில் ஓர் உருண்டையை வைத்து, அதன்மேல் 3 மி.மீ. தடிமன் பட்டையாக மேலிமையையும் கீழிமையையும் போர்த்துங்கள். மேலிமை அரை மில்லிமீட்டர் இறங்கினால் தூக்கம், உள்மூலை உயர்ந்தால் துயரம். கருவிழியை 4, 5 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்தால் அங்கே விழும் நிழலே பார்வையாகிவிடும். பளபளப்புப் பூச்சு கொடுத்தால் அந்தக் குழி நிரம்பிக் கண் குருடாகும். அதனால் உருவத்துக்கு மெருகுப் பூச்சை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒரு லிட்டர் நீரில் 450 கிராம் காய்ந்த செம்மண்களியும் 2 கிராம் சோடியம் சிலிகேட்டும் கலக்கி ஒரு நாள் அசைக்காமல் வைத்து, அடியில் தங்கியதை விட்டுவிட்டு மேலே நிற்கும் மெல்லிய குழம்பை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சிலைமேல் இரண்டு மூன்று பூச்சுப் பூசி மென்துணியால் தேய்த்தால் தோலுக்குரிய மங்கிய மினுமினுப்பு வரும். 950 டிகிரியைத் தாண்டினால் அந்த மினுக்கு மங்கத் தொடங்கும்.

பேப்பர் கிளே

கொம்பு, கொக்கின் கால், விரிந்த சிறகு, பறக்கும் கூந்தல். மெலிந்து நீள வேண்டிய எல்லாவற்றுக்கும் இதுதான். மண்ணுக்குள் காகித நார் ஓடுவதால் பச்சையாக இருக்கும்போதே நல்ல பலம் உண்டு. காய்ந்த காலில் ஈரக் காலை ஒட்டலாம் என்பதுதான் இதன் மாயம். நார் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரண்டையும் பிணைக்கும். வேறு எந்த மண்ணிலும் இது நடக்காது. உடைந்த காதைக் கடைசி நாளில் மாற்றலாம், திரும்பிய தலையை அறுத்து வேறு பக்கம் பார்க்க வைக்கலாம். முகபாவம் என்பது பெரும்பாலும் கழுத்தின் சாய்வுதான் என்பதால் இந்தச் சுதந்திரத்துக்கு மதிப்பு அதிகம்.

விலைக்கு வாங்கும் பேப்பர் கிளேயைவிட வீட்டில் கலப்பது மேல் என்பது எங்கள் கருத்து. வாங்கும் பையில் நார் எவ்வளவு என்று தெரிவதில்லை, வைத்திருக்கும் காலத்தில் அது மக்கியும் போகும். கழிப்பறைக் காகிதத்தைச் சுடுநீரில் ஊறப்போட்டு மிக்சியில் அடித்து, பிழிந்து, மூன்று பங்கு கெட்டி மண்குழம்புக்கு ஒரு பங்கு கூழ் என்ற அளவில் கலக்குங்கள். முட்டை அட்டையும் ஆகும், ஊறக் கூடுதல் நேரம் வேண்டும். ஒரு வாரத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். மிஞ்சியதைத் தகடாகத் தட்டிக் காயவைத்துவிட்டால் வேண்டும்போது நனைத்துக்கொள்ளலாம். ஈரமாக வைத்தால் வாடை தாங்காது.

முகத்துக்கு இது ஆகாது. கீறும் ஒவ்வொரு கோட்டின் விளிம்பிலும் நார் சிலிர்த்து நிற்கும், கூரிய பிளேடு இருந்தால்தான் சமாளிக்கலாம். சுட்ட பிறகு நார் எரிந்து துளை மிஞ்சுவதால் எடை குறைவு, பலமும் கொஞ்சம் குறைவு. சூளையில் 200 டிகிரியிலிருந்து புகை கிளம்பும். மூடிய அறையில் மின் சூளை வைத்திருப்பவர்கள் சன்னலைத் திறந்துவிட்டு அறையைவிட்டு வெளியே போய்விடுவது நல்லது. முகத்தைக் குயவர் மண்ணிலும் கொம்பை அதே மண்ணில் கலந்த பேப்பர் கிளேயிலும் செய்தால் சுருக்கம் ஏறக்குறைய ஒத்துப்போகும், மூட்டும் நிற்கும். வேறு கம்பெனிப் பையில் வந்த வெள்ளைப் பேப்பர் கிளேயைச் செம்மண்ணோடு சேர்த்தால் சூளையிலிருந்து கொம்பு தனியாக, ஆடு தனியாக வரும்.

காற்றில் உலரும் மண்

சூளை வேண்டாம் என்ற ஒரே வசதிக்காக விற்கிறது. இது பீங்கான் கலையில் சேராது. தண்ணீர் பட்டால் இளகும், கம்பிச் சட்டத்தின்மேல் பூசினால் கம்பி சுருங்காததால் மேலே வெடிக்கும். பள்ளிக் குழந்தைகள் கையில் அருமையான பொருள். கொலுவுக்கு ஒரு பொம்மை அவசரமாக வேண்டுமென்றால் செய்து அக்ரிலிக் வண்ணம் பூசலாம். ஒரு கிலோவுக்குக் கொடுக்கும் பணத்தில் பல கிலோ குயவர் மண் வாங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சூளைக்குக் கொடுக்கும்போது

சொந்தச் சூளை இல்லாதவர்கள் மட்பாண்டக் கூடங்களில் கட்டணம் கொடுத்துச் சுட்டுக்கொள்கிறார்கள். கட்டணத்தைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேளுங்கள்: ‘தொடக்கத்தில் மணிக்கு எத்தனை டிகிரி ஏற்றுவீர்கள்?’ கிண்ணங்களுக்கு மணிக்கு 100, 150 டிகிரி சரி. அந்த வேகத்தில் உங்கள் தலை வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் பிறர் கிண்ணங்களையும் உடைக்கும். உருவத்துக்கு மணிக்கு 30 டிகிரி வீதம் 90 வரை ஏற்றி, அங்கேயே எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும். பிறகு மணிக்கு 50, 60 டிகிரி வீதம் 600 வரை. இந்த இடைவெளியில்தான் மண்ணோடு வேதிமுறையில் பிணைந்த நீர் வெளியேறும். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்சும் திடீரென விரியும். 700க்கும் 900க்கும் இடையில் அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் கரி எரியாமல் மண்ணின் நடு கறுப்பாக நிற்கும். உடைத்துப் பார்த்தால் பிஸ்கட்டுக்குள் கிரீம்போலத் தெரியும். இறங்கும்போதும் 573ஐ மெதுவாகத்தான் கடக்க வேண்டும். 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை கதவைத் திறக்காத கூடமாகப் பார்த்துக் கொடுங்கள்.

‘நாங்கள் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில்தான் சுடுவோம்’ என்று சொன்னால் அங்கே கிண்ணம் கொடுக்கலாம், உருவம் கொடுக்க வேண்டாம். ஒப்புக்கொண்டால் சிலையோடு அதன் மண் எது, மிகத் தடித்த இடம் எவ்வளவு, எந்தத் தேதியில் செய்தது என்று ஒரு சீட்டும், கீறிய 10 செ.மீ. பட்டையும் சேர்த்துக் கொடுங்கள். காய்ந்ததா என்று பார்க்கச் சிலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, இன்னொரு வாரம் அலமாரியில் இருக்கட்டும்.

செம்மண் சிலையில் சுக்கான் தப்பியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால், சூளையிலிருந்து எடுத்த அன்றே, இளஞ்சூடு இருக்கும்போதே ஒரு வாளித் தண்ணீரில் முழுதாக அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை விட்டு எடுங்கள். சுண்ணாம்பு ஒரேயடியாக நீர் குடித்துக் குழைந்துவிட்டால் மாதக்கணக்கில் மெல்ல ஊதித் தெறிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். கொதிசூட்டில் அமிழ்த்தினால் சுக்கானுக்கு முன் சிலை பிளந்துவிடும். கைபொறுக்கும் சூடுதான் அளவு.